முறை வரட்டும்

செய்யார்
10 ஜூலை 2025

ஐயர் சுபலட்சுமி அவர்களுக்கு,

ஃபியூஸ் என்னிடம்தான் இருக்கிறது.

"ஆம்ப்ளிஃபையர் ஃபியூஸைக் கண்டால் திருப்பித் தரவும்" என்று எங்கம்மா கையில் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கண்டால் என்ன, கண்டால்? சபையே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். நீங்களும் பார்த்தீர்கள். கையில் அப்பத் தட்டோடு பீடத்தருகே நின்றுகொண்டிருந்தீர்கள்.

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். கமிட்டி செயலாளர் ஜெகநாதன் இந்நேரம் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட். ஆரணியில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மைக் பார்ப்பது நான், மைக் மேசை முன்னால் இருக்கிறது, அதனால் நானும் முன்னால் இருந்தேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முதல் வரிசை எழுந்ததும் நானும் எழுந்தேன். ஜெகநாதன் கையைக் குறுக்கே நீட்டினார். "உங்க முறை வரட்டும் தம்பி."

முறை என்றால் என்னவென்று நீங்கள் வந்த இந்தச் சில மாதத்தில் தெரிந்திருக்கும். வலது பக்கத்து பெஞ்சுகளில் பட்டு நெய்கிற வீட்டுக்காரர்கள். இடது பக்கத்தில் காலனிக்காரர்கள் நாங்கள். வலது பக்கம் மொத்தமும் சாப்பிட்டுக் குடித்து முடித்தபிறகு இடது பக்கம். ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நான் புரட்சி பண்ணப் போகவில்லை. பஸ்ஸுக்குப் போனேன். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு மண்டை சூடானது.

போனில் கூப்பிடாதீர்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவை விட்டு வந்துவிட்டேன். அங்கே ஒருவன் வயிறெரிந்து ஒரு வார்த்தை போட்டால் பதிலுக்குக் கைகூப்பும் படமாக வந்து விழுகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். காகிதத்தை யாரும் ஃபார்வர்டு பண்ண முடியாது.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. போதகரை நம் சபையில் 'ஐயர்' என்போம், 'ஐயரம்மா' என்றால் நம் ஆட்கள் ஐயரின் மனைவி என்று நினைத்துக்கொள்வார்கள். 'ஐயர்' என்றே எழுதிவிட்டேன். எங்கள் ரூமில் இருப்பவன் உறையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஐயர் வூட்ல பொண்ணு பாக்கறியா?" என்கிறான்.

தீனா

*

ஆரணி
14 ஜூலை 2025

அன்புள்ள தம்பி தீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாவது முறை உங்கள் கோபம் புரிந்தது, மூன்றாவது முறை ரூம் நண்பரை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவரிடம் சொல்லுங்கள்: ஐயர்தான் பொண்ணு.

நான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. பார்த்தேன். ஒரு புதிய சபைக்குப் போனால் முதல் வருடம் எதையும் நகர்த்தாதே, பூந்தொட்டியைக்கூட நகர்த்தாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் பூந்தொட்டியை நகர்த்தவில்லை. பொறுமையாகப் பேசி, ஒவ்வொரு வீடாகப் போய், நிதானமாக மாற்றலாம் என்று இருக்கிறேன். நீங்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். நேற்று வேறொருவர் பிரசங்கம். நான் எங்கே உட்காருவது? வலது பக்கம் உட்கார்ந்தால், "நம்ம பொண்ணாச்சே" என்பார்கள். இடது பக்கம் உட்கார்ந்தால், "இன்னா நடிப்பு பாரு" என்பார்கள். நடுவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கே பாட்டு சரியாகக் கேட்கவில்லை. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, தபேலா செத்துக் கிடக்கிறது. ஆராதனை முடிந்ததும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்காரர்களும், "நல்லாத்தானே கேக்குது" என்கிறார்கள். எனக்குக் காதில் கோளாறா?

அன்புடன்,
சுபலட்சுமி

*

செய்யார்
18 ஜூலை 2025

ஐயர் அவர்களுக்கு,

முதலில் ஒரு கேள்வி. ஃபியூஸ் என் மேசை மேல் இருக்கிறது. இதோ, இந்தக் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை தபேலா எப்படிக் கேட்டது? செத்துக் கிடப்பதற்காவது கரண்ட் வேண்டுமே?

பதில் எழுதுங்கள்.

இரண்டாவது. என்னைத் 'தம்பி' என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டுதான் வெளியே வந்தேன்.

மூன்றாவது, உங்கள் காதில் கோளாறு இல்லை. இரண்டு பாக்ஸும் எதிரெதிர் ஃபேஸில் மாட்டியிருக்கிறது. புரியும்படி சொல்கிறேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனை. ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் மாற்றியும் கொடுத்துவிட்டால், ஒரு பாக்ஸ் காற்றை வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும். ஓரத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் பக்கத்து பாக்ஸ் அவனுக்குக் கேட்கும். சரியாக நடுவில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கனமான சத்தம் முதலில் காணாமல் போகும். அதனால்தான் தபேலா.

வலது பாக்ஸ் பட்டு வீட்டுக்காரர்கள் காணிக்கை, அவர்கள் எலக்ட்ரீஷியன் மாட்டினான். இடது பாக்ஸ் காலனி காணிக்கை, நம்ம ஆள் ஒருத்தன் மாட்டினான். ஒருவன் மாட்டியதை மற்றவன் போய்ப் பார்க்கவில்லை. நான் அங்கே மைக் பார்த்துக்கொண்டிருந்த இத்தனை நாளில் எனக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் கோயில் கட்டியதிலிருந்து நடுவில் உட்கார்ந்த முதல் ஆள் நீங்கள்தான்.

சரி செய்வது சுலபம். ஏணி போட்டு, ஏதாவது ஒரு பாக்ஸில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுங்கள். எந்த பாக்ஸ் என்பது முக்கியமில்லை. ஒன்றில் மட்டும். இரண்டிலும் மாற்றினால் பழையபடியே இருக்கும்.

பொறுமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்களும் சேவூரில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவர்தானே? பொறுமை உங்களுக்கு வலிக்காது.

தீனா

*

ஆரணி
25 ஜூலை 2025

திரு. தீனா அவர்களுக்கு,

(தம்பியை எடுத்துவிட்டேன். போதுமா?)

ஃபியூஸ் விஷயம்: அன்றைக்குச் சாயங்காலமே பஜாரில் எலக்ட்ரிக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிப் போட்டுவிட்டேன். பிறகும் உங்களிடம் கேட்டனுப்பினேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் நீங்கள் பதில் போட்டிருக்க மாட்டீர்கள்.

இனி ஏணிக் கதை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அங்கே இருந்தது ஜெகநாதன் அண்ணன் மட்டும்தான். கூட்டம் கூடாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தால், இடது பாக்ஸில் கைவைத்ததும் குழாயடியிலிருந்து உங்கள் காலனிப் பெண்கள் வந்துவிட்டார்கள். அதில் உங்கள் அம்மா பொன்னம்மாளும் உண்டு.

"எங்க பொட்டிய ஏம்மா பிரிக்கறீங்க? எங்க பொட்டி சரியாத்தான் கீது. அவங்கள்தப் பிரிங்க."

"எங்கள்து கம்பெனி பாக்ஸ்மா," என்றார் அண்ணன் ஏணியின் அடியிலிருந்து. "வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே கீது. ஆணிகூட மாத்தல."

"அப்ப எங்கள்து இன்னா, கருவாட்டுப் பொட்டியா?"

ஏணியின் உச்சியில் ஸ்க்ரூடிரைவரோடு நான். இறங்கவும் முடியவில்லை. கடைசியில் வலது பாக்ஸைத்தான் மாற்றினேன். ஒயரைப் பிடித்துக் கொடுத்தது அண்ணன்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பிறகு பாட்டைப் போட்டோம். பொன்னம்மாள் அக்கா நடுவழியில் வந்து நின்று, "ஏ, அடிக்குதுடி நெஞ்சுல!" என்றார். அண்ணனும் நடுவில் வந்து நின்று பார்த்தார். "அட," என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அட' ஒரு நல்ல 'அட'.

எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். ஆகஸ்ட் முதல் ஞாயிறு திருவிருந்துப் பிரசங்கம் தயார். இரண்டு பாக்ஸிலும் தவறில்லை. இரண்டும் நல்லவைதான். ஒன்றுக்கொன்று எதிராக இருந்ததுதான் தவறு. எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! யாரையும் குற்றம் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். உங்கள் பெயரையும் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
சுபலட்சுமி

*

செய்யார்
29 ஜூலை 2025

ஐயர் அவர்களுக்கு,

என் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தப் பிரசங்கத்தையும் சொல்லாதீர்கள்.

நான் எழுதியது ஒயருக்கு. எந்த முனையை மாற்றினாலும் சரி, யார் மேலும் தப்பில்லை என்பதெல்லாம் செம்புக் கம்பிக்குப் பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் விஷயத்தில் தப்பு ஒரு பக்கம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியும். யாரையும் குற்றம் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் வலது பக்கம் தலையாட்டும், இடது பக்கம் வாய்மூடிக் கேட்கும், பத்து நிமிஷம் கழித்துப் பழைய முறைப்படியே எழுந்து வருவார்கள்.

அந்த முறையில் என்ன இருக்கிறது என்று நேராகவே எழுதுகிறேன். ஒரே கிண்ணம். அவர்கள் வாய் வைத்த கிண்ணத்தில் நாங்கள் குடிக்கலாம். நாங்கள் வாய் வைத்த கிண்ணத்தில் அவர்கள் குடிக்க மாட்டார்கள். அவ்வளவுதான். அதற்கு வைத்த பெயர் முறை. அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கோயிலில் குடித்ததெல்லாம் அடியில் கிடக்கும் ஒரு சொட்டுதான். உதடு நனையும். அவ்வளவுதான் திராட்சரசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜெகநாதன் வீட்டில் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பெயரை மாற்றவில்லை. பரவாயில்லை, என் பெயரும் தீனதயாளன்தான். முறையை மாற்றவில்லை. அதுதான் பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத இன்னொன்று. செப்டம்பர் முதல் ஞாயிறிலிருந்து காலனியில் தனி ஆராதனை வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டகைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. மைக் செட்டை என் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் சரி என்று சொன்னால் அது நடந்துவிடும். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நானு தாலி கட்டிக்கினது அந்தக் கோயில்ல. உங்கப்பன எடுத்துக்கினு போனதும் அங்கேர்ந்துதான். நானு எங்க போவேன்?" என்று போனில் அழுகிறாள்.

அவளுக்காக ஒரு மாதம் பொறுக்கிறேன். நீங்கள் கேட்ட பொறுமை இதுதான். இதற்கு மேல் ஸ்டாக் இல்லை.

தீனா

*

ஆரணி
6 ஆகஸ்ட் 2025

தீனாவுக்கு,

பிரசங்கத்தைக் கிழித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான், நன்றாக எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு பேசினேன். பொன்னம்மாள் அக்காவிடம் முதல் நாள் போய் அனுமதி கேட்டேன். "உள்ளதத்தான சொல்லப்போற, சொல்லு" என்றார். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நீங்கள் எழுதியதையே சொன்னேன். யார் வாய் வைத்ததில் யார் குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது. அந்த வரிசையில் நானே இத்தனை மாதம் நின்று பரிமாறியிருக்கிறேன், வலது பக்கத்து வீட்டில் பிறந்ததால் எனக்கு அது உறுத்தக்கூட இல்லை, ஒரு தம்பி எழுந்து போனபிறகுதான் உறுத்தியது என்றும் சொன்னேன். பொறுமை எனக்கு வலிக்காது என்று எழுதினீர்களே, அதையும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பிறகு, இன்றைக்குத் திருவிருந்து இல்லை, முறை மாறிய பிறகுதான் என்று கிண்ணத்தை மூடிவைத்துவிட்டேன்.

மூடும்போது டக்கென்று சத்தம் கேட்டது. மைக்கில் நன்றாகவே கேட்டது, நடுவிலும்.

சாயங்காலம் ஜெகநாதன் அண்ணனும் அவர் மனைவி திலகவதி அக்காவும் நான் இருக்கும் பங்களாவுக்கு வந்தார்கள். காப்பி கொடுத்தேன், அண்ணன் தொடவில்லை.

"நான் அந்தப் பையன தப்பா இன்னாம்மா சொன்னேன்? முறை வரட்டும்னேன்."

"எந்த முறைண்ணே? எங்க எழுதியிருக்கு?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து..."

"சரி. தம்பின்னு கூப்டீங்களே, அது இன்னா முறை?"

திலகவதி அக்காதான் பதில் சொன்னார். "அண்ணன் தம்பி முறைன்னா ஒரே பந்தியில உக்காரணும். கேக்கறாங்கள்ல, சொல்லேன்யா." அண்ணன் எழுந்து போய்விட்டார். அக்கா நிதானமாக இரண்டு காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அண்ணன் செயலாளர் பதவியை விட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். கோபமா, வெட்கமா தெரியவில்லை. வலது பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் பேசுவதை நிறுத்திவிட்டன. எனக்கு மாற்றல் வாங்கித் தரவும் சிலர் முயல்கிறார்களாம்.

நான் பயந்திருக்கிறேன். ஆனால் ஆச்சரியமாக, சந்தோஷமாகவும் இருக்கிறேன்.

உங்கள் மூளை ஒரு விஷயத்துக்கு வேண்டும். நடுவழி இருக்கும்வரை இரண்டு பக்கம் இருக்கும். யார் முதலில் என்ற கேள்வியும் இருக்கும். என்ன செய்யலாம்? பிரசங்கத்துக்கு உதாரணம் கேட்கவில்லை. மரத்தையும் ஆணியையும் வைத்துச் சொல்லுங்கள்.

சுபலட்சுமி

*

செய்யார்
12 ஆகஸ்ட் 2025

ஐயர் அவர்களுக்கு,

பெஞ்சுகளை நடுவில் ஒட்டிவிடுங்கள். வழியைச் சுவர் ஓரமாக இரண்டு பக்கமும் விடுங்கள். வலது பெஞ்சும் இடது பெஞ்சும் முட்டும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை, நாலு போல்ட். படம் பின்பக்கத்தில். பட்டைகளைத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் நானே அடித்துத் தருகிறேன். ஒரு வரிசை என்றால் ஒரே பெஞ்ச். முன் வரிசை முதலில், பின் வரிசை கடைசியில். சாதி பார்த்து எழுப்ப முடியாது.

இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது.

நேற்று கம்பெனி வாசலுக்கு ஜெகநாதன் வந்தார்! வெள்ளை வேட்டி, கையில் ஸ்வீட் கடைப் பை. ஷிப்ட் மாறும் நேரம், கான்ட்ராக்ட் ஆட்கள் கேட் பாஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இவர் நேராகப் போய் செக்யூரிட்டியிடம், "தீனான்னு ஒரு தம்பி, கூப்டுப்பா" என்றிருக்கிறார். செக்யூரிட்டி சந்தவாசல்காரர், கறாரான ஆள். அவர் சொன்னாராம்: "லைன்ல நில்லுங்க பெரியவரே. உங்க முறை வரட்டும்."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.

வெயிலில் நின்றிருக்கிறார். நான் வெளியே வந்தபோது அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர். என்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது போலிருக்கிறது, அடக்கிக்கொண்டார். எதிரே டீக்கடைக்குப் போனோம்.

"நான் மன்னிப்பு கேக்கணும்னு வரல," என்றார்.

"சரி. அப்ப டீ சாப்ட வந்தீங்களா?"

"கேக்கத்தான் வந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் அப்படி ஆரம்பிச்சேன்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "கிண்ணத்தப் பத்தி ஐயரு சொன்ன பின்னாடி, அன்னிக்கு எம் பொண்டாட்டி என்னய ஒரு கேள்வி கேட்டா. 'பொன்னம்மாளு முன்னால குடிச்சிருந்தா நீ குடிச்சிருப்பியா?'ன்னா. மாட்டேன்னுதான் வாயில வந்துச்சு. சொல்லல. ஆனா வந்துச்சு பாரு, அதான் பேஜாரா பூடுச்சு," என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இப்போதும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"தப்பு என்னுது," என்றார். டீக்கடையில் கம்பெனி ஆட்கள் பத்துப் பேர் இருக்கும்போது, சத்தமாகவே. அப்புறம் ஒன்று கேட்டார். அடுத்த திருவிருந்துக்கு அவர் கடைசி பெஞ்சில் உட்காருவாராம். நான் வந்து அவர் முன்னால் கையை நீட்டி, அன்றைக்கு அவர் சொன்னதை அவருக்குச் சொல்ல வேண்டுமாம். "கோயில்ல, எல்லார் எதிர்லயும் சொல்லு. அங்கதான சொன்னேன்."

பார்க்கலாம் என்றேன். பஸ் ஹார்ன் அடித்துவிட்டது. வருகிறேன் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்காரர்களிடமும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பையில் பால்கோவா. ரூமில் காலி.

தீனா

*

ஆரணி
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தீனாவுக்கு,

பட்டைகள் வந்தன. போல்ட்டும் வந்தது. உங்கள் கணக்கு மட்டும் வரவில்லை!

நேற்று பெஞ்ச் ஒட்டும் வேலை. காலனியிலிருந்தும் பட்டு வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வராதவர்களும் உண்டு, வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் எதிர்ப்பு திலகவதி அக்காவிடமிருந்து. "நடுவழிய எட்த்துட்டா கல்யாணப் பொண்ணு எப்படி வரும்?"

"செவுரோரமா வரட்டும்," என்றார் பொன்னம்மாள் அக்கா. "நானுல்லாம் செவுரோரமாத்தான் வந்தேன். வாழல?"

அப்புறம் முதல் இரண்டு பெஞ்சையும் சேர்த்து வைத்தோம். வலது பெஞ்ச் இரண்டு விரல் உயரம்! பின்னாலும் அப்படியே, எல்லா வரிசையிலும். வேறு வேறு தச்சன், வேறு வேறு காலம். உங்கள் பட்டை இரண்டுக்கும் ஒரே உயரம் என்று நினைத்து அடித்தது. நீங்கள் அந்தக் கோயிலில் வளர்ந்தவர், இடது பெஞ்சை அளந்திருக்கிறீர்கள், வலது பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உங்களைக் குறை சொல்ல முடியுமா?

வேலை நின்றது. இடது பெஞ்ச் கால்களுக்குக் கீழே கட்டை வைத்துத் தூக்கலாம் என்று அண்ணன் சொன்னார். காலனிப் பெரியவர் ஒருவர், "இன்னாத்துக்கு எங்களத் தூக்கறீங்க? உங்க கால அறுத்துக்கங்க" என்றார். எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவரே பயந்துபோய், "பெஞ்சு காலத்தான் சொன்னேன்" என்றார்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஜெகநாதன் அண்ணன்தான் என்று நினைக்கிறேன். பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்து, முதல் பெஞ்சின் காலைத் தானே அறுத்தார். கோணலாக. பிறகு தச்சன் வாங்கிக்கொண்டார். அறுத்த துண்டுகளைப் பொன்னம்மாள் அக்கா முந்தானையில் அள்ளிக்கொண்டு, "வெந்நீர் போட ஆச்சு" என்று போய்விட்டார்.

வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் கடைசியில் உள்ளே வந்து பெஞ்ச் பிடித்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. நான் போய்க் கூப்பிட்டேன், இன்னும் கூப்பிடுவேன்.

வரும் 7ஆம் தேதி திருவிருந்து. மைக்குக்கு ஆள் இல்லை. கொட்டகைக்கு மைக் கட்டப் போகிறீர்களா, இங்கே வருகிறீர்களா என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும். நான் கடையில் வாங்கிப் போட்ட இரண்டாவது ஃபியூஸும் போய்விட்டது. உங்களுடையது நிஜமாகவே இப்போது வேண்டும்.

அன்புடன்,
சுபலட்சுமி

*

செய்யார்
8 செப்டம்பர் 2025

ஐயர் அவர்களுக்கு,

உங்களுக்கு ஃபியூஸ் விற்ற கடைக்காரரிடம் இனி போகாதீர்கள். ஆம்பியர் தப்பு. பழையதையே போட்டுவிட்டேன்.

நேற்று உங்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓடிவிட்டேன். பஸ். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வரை எனக்கே தெரியாது. கொட்டகைக்காரர்களிடம் போய், ஒரே ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், பழைய முறையே என்றால் அடுத்த வாரம் மைக்கோடு வருகிறேன் என்றேன். "நீ பாத்துட்டு வா, நாங்களும் கூட வந்து பாக்கறோம்" என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். நேற்று கோயிலில் உட்கார இடம் போதாததற்குக் காரணம் அதுதான்.

வந்தால், எங்கே உட்காருவதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் கால்கள் தாமாகப் போகும். நேற்று எல்லாரும் ரயில் பெட்டியில் சீட் தேடுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். அம்மா மட்டும் நேராகப் போய் முதல் பெஞ்சில், பட்டை அடித்த இடத்தில், சரியாக நடுவில் உட்கார்ந்தாள். "சத்தம் இங்கதான் நல்லா கேக்கும், எம் புள்ள சொன்னான்" என்று பக்கத்தில் இருந்த திலகவதி அம்மாளிடம் சொன்னாள். மைக் மேசையில் எனக்கே கேட்டது.

நீங்கள் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். முதல் வரிசையில் நேராக எழுந்து வந்த முதல் ஆள், முழுக் கிண்ணம். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்தது திலகவதி அம்மாள். நீங்கள் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தீர்கள். அவர் தலையை ஆட்டி, துடைப்பதற்கு முன்னால் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்ததும் நான் ஆம்ப்ளிஃபையர் பக்கம் குனிந்துகொண்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது.

வெளியே வந்தபிறகு அம்மாவைக் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நெறையா இருந்துச்சுடா. சிந்திடுமோன்னு பயந்துட்டேன்," என்றாள்.

கடைசி பெஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வரிசையாக எழுந்து போய் வந்தது. கடைசி பெஞ்சில் எல்லாரும் எழுந்த பிறகும் ஜெகநாதன் உட்கார்ந்தே இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கக் காத்திருக்கும் பையன் மாதிரி என்னைப் பார்த்தார். நானும் இன்னும் போகவில்லை. மைக்கை விட்டுவிட்டு, சுவர் ஓரமாக அவரிடம் நடந்துபோனேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கையையும் நீட்டினேன்.

"சொல்லு தம்பி," என்றார்.

அப்போது கோயில் கடிகாரத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

"இன்னாத்த சொல்றது? ஜல்தியா ஏந்திரிங்கண்ணே, பஸ் பூடும்," என்றேன்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உங்கள் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக வந்து நின்றபோது, நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். பார்த்தேன். யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு நொடி யோசித்தீர்கள், அதையும் பார்த்தேன். அவர்தான், "அவனுக்குக் குடும்மா, அவனுக்கு பஸ்ஸு" என்றார்.

நான் குடித்தேன். அதே கிண்ணத்தில் அவர் குடித்தார். அடியில் ஒரு சொட்டுதான் இருந்திருக்கும்.

பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும் அவருடைய ஸ்கூட்டரில்தான் போனேன். கன்னாபின்னாவென்று ஓட்டுகிறார். பஸ்ஸில் ஏறும்போது சேவூர்க்காரன் ஒருவன் கேட்டான்: "யார்றா அது, உனக்கு இன்னா முறை?"

யோசிக்காமல், அண்ணன் முறை என்றேன். சொன்னபிறகுதான் யோசித்தேன். திருத்தவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் மறுபடி சேர்த்துவிடுங்கள். கைகூப்பும் படம் போடுகிறவர்களை மட்டும் கொஞ்சம் கண்டியுங்கள். அடுத்த ஞாயிறு எனக்கு முதல் ஷிப்ட், ஆராதனைக்கு வர முடியாது. சாயங்காலம் வந்து இடது பாக்ஸின் உள்ளேயும் ஒருமுறை பார்க்கிறேன். ஏணி பிடிக்க அண்ணனை இருக்கச் சொல்லுங்கள்.

தம்பி தீனா